எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. டாக்டர் ஐபிஎஸ் (IBS, எரிச்சலுறும் குடல் நோய்) என்கிறார். இந்த மாதம் ரொம்ப அதிகம். பால், கோதுமை இரண்டையும் நிறுத்தியும் எது காரணம் என்று பிடிபடவில்லையே?
– வாசகி, திருச்சி

பதில்: கோதுமையை நிறுத்துவதற்கு முன் சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா? கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அது சரியாகக் காட்டும், டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், வயிறு கொந்தளிக்கும் நாட்களில் எதைத் தின்றாலும் படுத்தும், அதை வைத்து எந்த உணவின் மீதும் பழி போடாதீர்கள். சந்தேகமானவற்றை ஒன்றாக விலக்கி 2 முதல் 6 வாரம் பாருங்கள், வயிறு அடங்கியதும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும், மூன்று நாள், அளவைக் கூட்டிச் சேர்த்துக் குறித்துவையுங்கள். நம் சமையலில் பலரும் மறப்பது வெங்காயமும் பூண்டும்தான். சாம்பாரில் துண்டுகளை ஒதுக்கினால் போதாது, அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற, வயிற்றை உப்பவைக்கும் ஒருவகை மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து சாம்பாரிலேயே இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது, அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயிலேயே தாளிக்கலாம், வாசனை குறையாது. மலத்தில் ரத்தமோ, காரணமில்லாமல் எடை குறைவதோ இருந்தால் இந்த உணவுச் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.