காந்த நானோதுகள்களை ஏன் சிலிக்கா படலத்தின் துளைக்குள் வைக்கிறார்கள்?

துகள்களை நேரடியாகக் கண்ணாடியில் பூசினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பூசலாம், ஆனால் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுவிடும், சூடாக்கினால் ஒட்டிப் பெருத்தும் விடும். மேக்னடைட் (நல்ல காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள் சுமார் 20 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் அறை வெப்பத்தில் சூப்பர்பாராகாந்தம்: வெளிப்புலத்தை எடுத்ததும் காந்தம் மிஞ்சாது. பெருத்தால் அந்தக் குணம் போச்சு.

துளைச்சுவர் இட்லித் தட்டின் குழி மாதிரி, வளர்ச்சிக்கு எல்லை போடும்.

சிலிக்காவைத் தரும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், எத்தனால், அமிலநீர், துளைக்கு அச்சாகும் பி123 பாலிமர் கலந்த கரைசலில் தகட்டை முக்கி மெல்ல மேலே இழுப்பார்கள். எத்தனால் ஆவியாகும்போது பாலிமர் மைசெல்கள் (மூலக்கூறுகள் சேர்ந்த நுண் திரள்கள்) சிலிக்காவுக்குள் அணிவகுக்கும். சுமார் 400 டிகிரி செல்சியஸில் அவை எரிந்துபோன இடம்தான் துளை. அதில் இரும்பு நைட்ரேட்டை ஊறவிட்டுச் சூடாக்கினால் உள்ளேயே ஆக்சைடு உருவாகும். வெறும் காற்றில் சுட்டால் காந்தம் குறைந்த ஹேமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடு வரலாம். மேக்னடைட் வேண்டுமென்றால் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சூடாக்கி ஒடுக்க (ஆக்சிஜனைக் குறைக்க) வேண்டும்.

சென்னையில் செய்வதாகச் சொல்கிறீர்கள், அதனால் இது: படலம் காயும்போது காற்றின் ஈரப்பதம் துளை அமைப்பையே மாற்றிவிடும். ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்துவைத்து முக்காதீர்கள். ஏசியை நம்பாமல், ஈரப்பதத்தை நிலையாக வைக்கும் மூடிய பெட்டிக்குள் செய்யுங்கள்.