குதிரைகள் கடந்த ரயில் பாலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்று நிலைத்திருக்கும் ரயில் பாலங்களிலேயே மிகப் பழையது இங்கிலாந்தின் காஸி வளைவுப் பாலம் என்று எழுதியிருந்தீர்கள். தண்டவாளத்தின் மேல் நீராவி என்ஜின் ஓடியதே 1804-ல்தான். 1726-ல் கட்டி முடித்தது எப்படி ரயில் பாலமாகும்? எங்கள் ஊர் வழியாக ஓடி நின்றுபோன மொரப்பூர்–ஓசூர் சின்ன ரயிலைப் போலத்தான் அந்தப் பாதையும் கைவிடப்பட்டதா?

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

தண்டவாளம் என்ஜினுக்கு மூத்தது. டர்ஹாம் பகுதிச் சுரங்கங்களிலிருந்து டைன் ஆற்றங்கரைக்கு நிலக்கரி கொண்டுபோக மரத் தண்டவாளம் பதித்து, அதன்மேல் குதிரை வண்டிகளை ஓட்டினார்கள். வண்டிக்கு இரண்டரை டன்னுக்குக் குறையாத கரி. மழைக்கால மண் சாலையில் சக்கரம் புதைந்துபோகும் அந்தப் பாரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஒற்றைக் குதிரை இழுத்தது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் குதிரை திணறும், இறக்கத்தில் மரக்கட்டை பிரேக்குக்கு வண்டி அடங்காது. ஆகவே, வழியில் ஆழமான ஓடைப் பள்ளம் குறுக்கிட்டபோது, இறங்கி ஏறுவதை விட்டுச் சுரங்க முதலாளிகள் அதன் மேலேயே பாலம் போட்டார்கள்.

1725-ல் தொடங்கி மறு ஆண்டு முடித்த ரால்ஃப் வுட் ஒரு கொத்தனார். சுமார் 80 அடி உயரத்தில், 100 அடிக்குச் சற்று அதிகமான ஒற்றைக் கல் வளைவு. மேலே இரண்டு தடங்கள். ஒன்றில் கரி வண்டிகள் ஆற்றை நோக்கிப் போக, மற்றதில் வெற்று வண்டிகள் சுரங்கத்துக்குத் திரும்பின. பாலம் இடிந்துவிடுமென்று அஞ்சி அவர் அதிலிருந்தே குதித்து இறந்தார் என்றொரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

1739-ல் டான்ஃபீல்டு சுரங்கம் தீப்பற்றியதும் பாலத்துக்கு வேலை குறைந்துபோயிற்று. நம் பாதையின் கதை இதுவல்ல. தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பின், பஞ்சக் காலத்தில் உள்ளூர்களுக்குத் தானியம் போய்ச் சேரவேண்டும் என்ற கணக்கில் போடப்பட்டது அது. இரண்டரை அடி அகலத் தடம் 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், 1913-ல் உங்கள் ஊர் வழியாக ஓசூருக்கும் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், மூடப்பட்டது. சுரங்க முதலாளிகள் லாபத்துக்காகப் போட்ட பாதை சரக்கு தீர்ந்ததும் நின்றதில் வியப்பில்லை. லாபத்தை முதன்மையாகக் கருதாமல் போட்ட ஒன்றை அதே தராசில் நிறுப்பது சரியாகாது என்பதே என் எண்ணம்.

அன்புடன்,
ஆசிரியர், தர்மபுரி