டிவியில வர்ற சூடு பெல்ட் அம்மாவுக்கு வாங்கலாமா?

சகோ, சுகர் இருக்கிற அம்மாவுக்கு தொப்பை குறையணும்னு டிவியில காட்டுற அந்த சூடாகுற பெல்ட்டை ஆர்டர் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு வேணாம். அதைக் கட்டினா வேர்வைதான் போகும், கொழுப்பு கரையாது, வெயிட் மிஷின்ல குறைஞ்ச மாதிரி தெரியறதும் தண்ணி குடிச்சதும் திரும்ப வந்துடும். அதைவிட பயம் என்னன்னா, ரொம்ப வருஷமா சுகர் இருந்து நரம்பு மரத்துப் போயிருந்தா சூடே உறைக்காது, தோல் வெந்து புண்ணாகிடும், ஆறவும் ரொம்ப நாளாகும். உடல் பருமனுக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றதையே 1954ல வந்த சட்டம் தடுக்குது, ஆனாலும் ஓடிட்டுதான் இருக்கு. காய் நறுக்குற சாமான், மாப்பு மாதிரி ஐட்டம்னா பரவால்ல, அதையும் கடையில கையில எடுத்துப் பாத்து வாங்குங்க. ஏற்கனவே பணம் கட்டியிருந்தா உடனே கேன்சல் பண்ணுங்க, இழுத்தடிச்சா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க.