மன உறுதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. சென்ற மாதம் எங்கள் துறையில் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். இந்தத் தலைமுறைக்கு ஏன் மன உறுதியே இல்லை? செல்போன்தான் காரணமா? மாணவர்களுக்குத் தைரியம் தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கமில்லாமல் எழுதிய கடிதம் என்று தெரிகிறது. ஆனாலும் திட்டத்தான் போகிறேன். செத்துப்போன பையனுக்கு மன உறுதியில் மார்க் போட நாம் யார்? செல்போன் விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள், அதை விடுங்கள்.

கொஞ்ச நாளாக இலங்கைக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995 வாக்கில் அங்கே ஆண்டுதோறும் லட்சத்துக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். இளம் வயதினர் ஏராளம். அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 2008க்குப் பிறகு இன்னும் சிலவற்றை. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கிவிட்டது. இடையில் போர் நடந்தது, சுனாமி வந்தது. அந்த மக்களுக்கு மன உறுதி திடீரென்று ஊறிவிட்டதா என்ன? முயன்றவர்கள் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அப்படிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. முக்கியமாக இளைஞர்களுக்கு அந்தக் கொடிய வேகம் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மன்னார்குடிப் பக்கம் என் அத்தைக்கு இது தெரிந்திருந்தது. பிறந்த வீட்டில் ஒரு சாவைப் பார்த்தவள். அவள் மகன் பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலாகிவிட்டான். மாமா கத்திக்கொண்டிருக்க, அத்தை ஒன்றும் பேசாமல் தாழ்வாரத்திலிருந்த பூச்சிமருந்து டப்பாக்களைச் சாக்கில் கட்டி பம்ப்செட் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "சாப்புடுடா, அப்புறம் பேசிக்கலாம்" என்று தட்டைத் தள்ளினாள். ராத்திரி அவன் பக்கத்திலேயே படுத்தாள். இப்போது அவனுக்கு டிராக்டர் பட்டறை, இரண்டு பெண்கள், அநியாயத்துக்குத் தொப்பை.

அன்று அவன் அடுத்த பரீட்சைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தான், அந்த வருடமே போயிற்று. இன்று முடிவு வந்த கையோடு துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரிக்குப் போகலாம். அத்தை வீட்டில் செய்ததை அரசு வேறு விதமாகச் செய்திருக்கிறது. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இதற்கு மருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு மைக் கொடுப்பது என்று உங்கள் நிர்வாகம் நினைத்தால், மன்னிக்கவும், எனக்குக் கோபம்தான் வருகிறது. அரியர் விதிகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். கட்டண பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. இறந்தவனின் அறைத்தோழனிடம் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? இப்போது கவனம் வேண்டியது அவனுக்குத்தான். 'சாகணும்னு தோணுதா' என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416, 104 என்ற அரசு உதவி எண்கள் இரண்டிலும் எந்நேரமும் எடுப்பார்கள், அவனோடு சேர்ந்து நீங்களே அழையுங்கள்.

புத்தகப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன்.