மாடியில் கம்பி கட்டக் கேட்கும் மகன்

கொல்லங்கோடு பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கிற மகன் ஹாம் ரேடியோ என்று இரவில் ஹெட்போனும் கையுமாக இருக்கிறான், மாடிக்கும் தென்னைக்கும் நடுவே கம்பி கட்டணும், பாகங்களைச் சேர்த்துச் செட் கட்டும் கிட் வாங்கப் பணம் வேணும் என்கிறான், படிப்பு கெடுமா, போலீஸ் வருமா, இதை வைத்து வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போயிருப்பதால் முடிவு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

ஹாம் ரேடியோ என்பது தொழிலுக்கல்லாமல் ஆர்வத்துக்காக, உரிமம் வாங்கி ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது. முதலில் போலீஸ் விஷயம். உரிமம் இல்லாமல் ரேடியோவில் பேசுவது சட்டப்படி குற்றம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கிடாக்கிகள் பலவும் இதில் அடங்கும். ஆகவே கிட் வாங்குவது பிறகு, பரீட்சை முதலில். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் (ஹாம்) பரீட்சையை 12 வயது ஆனவர் எழுதலாம். சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்றால் ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் மட்டும் போதும். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில், புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸும் வேண்டும். உரிமம் வந்ததும் ரேடியோவில் பெயர்போலச் சொல்ல அவனுக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அதுவரை காது கொடுத்துக் கேட்கட்டும். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ரிசீவரை இணையம் வழியாக யாரும் திருகிக் கேட்கலாம். பேசுகிறவர்களின் ஒழுங்கு அதில் பழகிவிடும்.

அவன் கேட்பது ஐந்து வாட் செட். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்பது வாட் இருக்கும், அதில் பாதிதான் இது. அந்த அளவில் கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். மின்னல் பயம் மட்டும் கட்டாயம் வேண்டும். நம்ம ஊரில் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி வந்தால் சொல்லிக்கொண்டு வராது. கம்பி கட்டினால், பயன்படுத்தாத நேரமெல்லாம் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட வேண்டும். கம்பி மின்வாரிய லைன் பக்கமே போகக் கூடாது. இந்த இரண்டிலும் பிடிவாதமாக இருங்கள்.

ஐந்து வாட்டால் என்ன ஆகும் என்றால், நிறைய ஆகும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை தரையிலிருந்து ஏறி, சில நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழும். பகலில் பெங்களூரு, ஹைதராபாத் என்று கிட்டத்தில் விழுவது, இருட்டியபின் கடல் தாண்டிப் போகும். உப்புநீர் அலையை நன்றாகக் கொண்டுபோவதால் கடலோரத்துக்காரருக்கு இதில் கூடுதல் லாபம். உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஹாம்கள் இடத்தைச் சொல்வார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க எம்ஜே 88 என்ற ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

ஈத்தாமொழிப் பக்கத்துப் பையன் ஒருவன் முன்பு என்னிடம் வந்தான். இரண்டு தென்னைக்கு நடுவே தான் கட்டிய டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவைப் பற்றிச் சொன்னான். கணக்குக்கான 143 என்ற எண்ணை 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் இருபது மீட்டர் சொச்சம், நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் நீளமாகவே கட்டி, இரண்டு முனையிலும் ஐந்தைந்து சென்டிமீட்டராக நறுக்கி, அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் திரும்புவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் முள் இறங்கும்வரை மரம் ஏறி இறங்கியிருக்கிறான். மூன்று மாதம் கழித்து முள் மறுபடி ஏறியது. அவிழ்த்துப் பார்த்தால் உப்புக்காற்றில் சால்டர் வைத்த இடம் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, மறுபடி பற்றவைத்து, மெழுகு ஊற்றி மூடினான். இதெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் இருந்தது. டிப்ளமோ முடித்து வேலைக்கான நேர்முகத்தில் அந்த நோட்டைக் காட்டினான். அங்கே அரைமணி நேரம் பேசியது பச்சை பூத்த அந்த இணைப்பைப் பற்றித்தானாம்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். ஹாம் உரிமம் வைத்திருந்தால் எந்த வேலைக்கும் தனி இடஒதுக்கீடு கிடையாது. கப்பலில் ரேடியோ ஆபீசர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1999-இல் கப்பல்களின் ஆபத்துத் தகவலுக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் முறை முழுதாக வந்தபின் அந்தத் தனிப்பதவி ஏறக்குறைய மறைந்துவிட்டது, கப்பலைச் செலுத்தும் டெக் அதிகாரிகளே அந்த முறைக்கான சான்றிதழை வைத்திருக்கிறார்கள். வழி வேறு பக்கம் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. இசிஇ (மின்னணு, தொடர்பியல்) எடுக்கட்டும். ஆன்டெனா சோதனை, மொபைல் கோபுரப் பணி, ரேடார், செயற்கைக்கோள் தரைநிலையம் எல்லாம் அதன் நீட்சி. இஸ்ரோ மையங்கள் உள்ள மகேந்திரகிரியும் தும்பாவும் நமக்கு எட்டும் தூரம்தான். அங்கே டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

பாடத்துக்கும் இது பகையில்லை. பிளஸ் டூ இயற்பியலில் வரும் ஒத்ததிர்வையும் பண்பேற்றத்தையும் மற்ற பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், இவன் கையால் கம்பிச்சுருள் சுற்றிப் பார்த்திருப்பான். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ஹாம் செட்டின் முதல் வடிவத்தில், கம்பிச்சுருள் சுற்ற தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்தினார். 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர் சிறுவயதிலேயே ஹாம் ஆனவர். மிகக் குறைந்த சக்தியில் உலகம் முழுக்க எட்டும் டபிள்யூஎஸ்பிஆர் முறையை எழுதியவரும் அவரே. ஆனால் இரவு முழுக்க விழிக்க விடாதீர்கள். பள்ளி நாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூட. பரீட்சை மாதத்தில் செட் அலமாரிக்குள்.

இன்னொன்று, இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். 2017 நவம்பர் 30 உங்கள் கரையில் யாருக்கும் மறக்காது. ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த போட்டுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போட்டில் இருக்கும் விஎச்எஃப் செட் நேர்கோட்டில் போவது, கடலின் வளைவுக்கு அப்பால் எட்டாது. அலை எங்கே எட்டும், எங்கே எட்டாது என்று ராத்திரி உட்கார்ந்து தேடுகிற பையன் அந்தக் கரையில் வளர்கிறான். அவன் கேட்பதை வெறும் விளையாட்டென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அப்பாவின் போட்டோடு ஹாம் செட்டில் மீன் விலை பேசக் கூடாது, தொழில் பேச்சுக்கு அதில் இடமில்லை. அதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்பா கரைக்கு வந்ததும் ஒரு நாள் மகனைப் போட்டுக்குக் கூட்டிப்போய் அந்தச் செட்டைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை தூரத்தில் குரல் உடைகிறது என்று அவருக்குத் தெரியும், ஏன் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் மூன்று பேருமாக என்னிடம் வாருங்கள். மகனை இன்றைக்கே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கித் தொடங்கச் சொல்லுங்கள், வரும்போது அதையும் எடுத்து வரட்டும்.