குட்டித் தீவில் நாலு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஒரு சின்னத் தீவில் நாலு நாள் தங்கப் போகிறோம். ஒன்றரை மணி நேரத்தில் முழுத் தீவையும் சுற்றி வந்துவிடலாமாம். இரண்டாம் நாளே பிள்ளைகள் ‘போர் அடிக்குது’ என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. அங்கே என்னதான் செய்வது?

பதில்: இரண்டாம் நாள் வரை எல்லாம் போகாது, முதல் நாள் சாயங்காலமே ஆரம்பிப்பார்கள். விடுங்கள், அதுவாக அடங்கும். காலையில் இது, மாலையில் அது என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகாமல், தீவில் இறங்கியதும் படகுக்காரர் யாரிடமாவது ‘இங்கே கடல் எத்தனை மணிக்கு வற்றும்?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் தீவுப் பயணத்தில் பாதி சுகம் அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் ஓதம் என்று படித்தோமே, அதுதான். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நிலவை ஒட்டி நடக்கிற விஷயம் என்பதால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், இன்று காலை 7 மணிக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய 7.50. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மற்ற நாட்களைவிட அதிகமாக வற்றும். அப்போது, நேற்று தண்ணீருக்கு அடியில் கிடந்த பாறையெல்லாம் வெளியே வந்து, குழிகளில் மட்டும் கொஞ்சம் கடல் தங்கியிருக்கும்.

அந்தக் குழி ஒன்றின் பக்கத்தில், உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி பிள்ளைகளைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே இருக்காது, ‘இதுக்கா வந்தோம்’ என்பார்கள். அப்புறம் காலிச் சங்கு என்று நினைத்த ஒன்று எழுந்து நடக்கும்: உள்ளே துறவி நண்டு. பாறையில் ஒட்டிய சளி மாதிரி தெரிந்தது மெல்ல விரிந்து விரல் விரலாக ஆடும்: கடல் சாமந்தி. மணல் நிறத்தில் ஒரு மீன், கண் மட்டும் அசையும். எங்கள் வீட்டுப் பையன் இப்படி ஒரு குழியில் ஒன்றரை மணி நேரம் தலையைத் தூக்கவில்லை, அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.

வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும், தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் அன்றைக்கு வரவில்லை. ஒரு பாறைமேல் கழற்றி வைத்த நாலு ஜோடி செருப்பில் மூன்றை மட்டும்தான் மீட்க முடிந்தது, மீதி ஒரு ஜோடி என்னுடையது. ஆனால் செருப்பு போட்டுக்கொண்டே இறங்குங்கள், பாசிப் பாறை வழுக்கும், சிப்பி விளிம்பு காலைக் கிழிக்கும்.

கடல் ஏறியிருக்கும் நேரம் தூக்கத்துக்கு.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். தீவுக்கு வந்து நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பதில்: சும்மா உட்காருவதற்குத்தானே தீவுக்கே போவது! சரி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சூரியன் கடலில் இறங்குகிற மாலையில் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கடைசிக் கீற்று மறையும் நொடியில் சட்டென்று எழுந்து நில்லுங்கள். மறைந்த சூரியனின் விளிம்பு மறுபடியும் சில நொடி தெரியும். கண் ஒன்றரை மீட்டர் மேலே போனதும் அடிவானம் அவ்வளவு தள்ளிப்போய்விடுகிறது. அதற்கு முன்னால் சூரியனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கண் கெட்டுவிடும்.

நிலா இல்லாத இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஈர மணலை மிதித்துப் பாருங்கள். சில கரைகளில், சில நாட்களில், காலடியில் நீலமாக மின்னும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அசைத்தால் ஒளிர்வதால் வருவது அது. தெரியாவிட்டால் நட்சத்திரம் இருக்கிறது, ஊர் வெளிச்சம் இல்லாத வானம் அது.

கேள்வி: ஞாபகத்துக்குக் கொஞ்சம் சங்கு பொறுக்கிக்கொண்டு வரலாமா?

பதில்: வேண்டாம். காலிச் சங்கு துறவி நண்டுக்கு வீடு, சில இடங்களில் எடுப்பது சட்டப்படியும் தப்பு. இன்னொன்று, கூம்பு வடிவில் கோலம் போட்டது போல அழகாகக் கிடக்கும் சங்கு உயிரோடு இருந்தால் கொட்டும், சில வகைகளின் விஷம் ஆளையே கொல்லும். பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடியே கவிழ்த்து வையுங்கள், அடியில் குடியிருப்பவை வெயிலில் செத்துப்போகும்.

கேள்வி: முகமூடி போட்டுக் கடலுக்கு அடியில் பார்க்க ஆசை. எப்போது இறங்கலாம்?

பதில்: காலையில். காற்று எழுந்துவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள், குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்துபோவது ராத்திரிதான் தெரியும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டியபிறகு திரும்புங்கள்.

கேள்வி: ஞாயிறு கடைசிப் படகில் திரும்பி, திங்கள் காலை அலுவலகம் போக முடியுமா?

பதில்: காற்று அடித்தால் படகு விடமாட்டார்கள். செவ்வாய் வரை லீவு போடுங்கள்.