கூத்துக்கே போங்கள்

அன்புள்ள ஐயா,

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு வார இறுதிக்குக் குடும்பத்தோடு சென்னை போய் நாடகம் பார்க்க நினைக்கிறோம். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. எனக்குத் தெருக்கூத்து பார்க்க ஆசை. பிள்ளைகளுக்குப் புரியாது, விடிய விடிய உட்காரவும் மாட்டார்கள், சபா நாடகமே போதும் என்கிறார் கணவர். இரண்டு நாளில் கூத்து பார்த்துத் திரும்ப முடியுமா?

செங்காங் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூத்துக்கே போங்கள். சபா நாடகக் குழுக்கள் சிங்கப்பூருக்கும் வந்து போகின்றன. ஊர் கூடி நடத்தும் மகாபாரதக் கூத்தை அதன் மண்ணில்தான் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பாரத விழாக் காலம். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஜூன் விடுமுறை அதன் நடுவில்தான் வருகிறது.

பிள்ளைகளுக்குப் புரியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். நம் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியை அவர்கள் பார்த்திருப்பார்களே! 1840 முதல் நடக்கும் அந்தத் தீமிதி திரௌபதி அம்மனுக்கானது. அதையொட்டி அரவான் களப்பலி (போருக்கு முன் அர்ச்சுனன் மகனைப் பலி கொடுப்பது), படுகளம் (போர்க்களத்தில் வீரர்கள் மடிந்து கிடப்பது) எல்லாம் இங்கே சடங்காக நடக்கின்றன. அதே கதையை அங்கே வேடம் கட்டி, பாடி, ஆடிக் காட்டுகிறார்கள். பாட்டின் சொற்கள் பழையவைதான். ஆனால் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனனை 'நீ யாரப்பா' என்று கேள்வி கேட்டே கதையைப் பேச்சுத் தமிழில் அவிழ்த்துவிடுவான். மகளை அவனைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மாலையிலேயே போய்ச் சேருங்கள். கலைஞர்கள் தாங்களே முகத்தில் அரிதாரம் பூசி, கண்ணாடி பதித்த மரக் கிரீடத்தையும் தோளில் அணியும் புஜகீர்த்தியையும் கட்டிக்கொள்வதை, அனுமதி கேட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர் கர்ணனாக எழுந்து நிற்பதை வேறெங்கே பார்ப்பார்கள்? பாயும் போர்வையும் எடுத்துப் போங்கள். நடுவில் தூங்கினால் தூங்கட்டும்; ஊர்க் குழந்தைகளும் அப்படித்தான் கூத்துப் பார்த்து வளர்கிறார்கள்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள்: 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கான வழியைப் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் கூத்தில்தான் தேடினார்.

இரண்டு நாள் போதும், வேறெதையும் திணிக்காவிட்டால். வெள்ளி இரவு விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். சனி பகலில் காஞ்சிபுரத்தில் நன்றாகத் தூங்குங்கள். பட்டுப் புடவைக் கடைகள் இந்த முறை வேண்டவே வேண்டாம். விழா முடியும் ஞாயிறாக அமைந்தால் பாக்கியம்: சனி இரவு பாரதப் போரின் கடைசி நாளைக் காட்டும் பதினெட்டாம் போர், ஞாயிறு விடிந்ததும் படுகளம். களிமண்ணில் செய்த, படுத்திருக்கும் பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் மோதுவார்கள். திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஞாயிறு இரவு விமானம் ஏறிவிடலாம். திங்களன்று நீங்கள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

கூத்துக்கு டிக்கெட் கிடையாது, ஊரார் பணம் திரட்டி நடத்துவது. கலைஞர்களுக்கு உங்களால் ஆனதைக் கொடுங்கள். விழா நாளை ஊர்தான் முடிவு செய்யும். எந்த இரவு எந்தக் கதை என்று நோட்டீஸ் அச்சடிப்பார்கள். அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டை அதைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.